இரண்டு மழைப் பாட்டுகள்: பழைய ஹாலிவுட் இசைக் காதல் படங்களை எதிலிருந்து தொடங்கலாம்?

பாட்டும் நடனமும் கலந்த பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ என்பார்கள். தப்பான பதில் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நேரம் வீணானது என்று சொன்னவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் கேட்பவர் தேடுவது காதல் நகைச்சுவை என்றால், முதல் படமாக அதைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதைவிடப் பதினேழு வருடம் மூத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏன் என்று விளக்கத்தான் இந்த ஒப்பீடு.

எடுத்துக்கொள்வது நான்கு படங்கள். ‘டாப் ஹேட்’ (1935), ‘ஸ்விங் டைம்’ (1936) இரண்டும் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் தயாரிப்பு, இரண்டிலும் ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஜோடி. ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ (1952) எம்.ஜி.எம். படம், ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது. ‘ஃபன்னி ஃபேஸ்’ (1957) பாரமவுண்ட் படம். டோனனே தனியாக இயக்க, ஆட்ரி ஹெப்பர்னும் அஸ்டேரும் நடித்தது. இந்த நான்கில் எதிலிருந்து தொடங்கினாலும் பெரிய நஷ்டம் கிடையாது. ஆனால் முதல் படம் சரியாக அமைந்துவிட்டால் மற்ற மூன்றையும் ஆசையோடு தேடிப் போவோம்.

எதை வைத்து ஒப்பிடுவது? நான் பார்ப்பது ஒன்றைத்தான். பாட்டு தொடங்கும்போது அந்த இருவரும் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள், முடியும்போது என்னவாகிவிட்டார்கள்? பாட்டு வந்தால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், கதை அங்கேயேதான் நிற்கும் என்பது நம் தியேட்டர் பழக்கம். இந்த வகைப் படங்களில் நல்லதாக அமைந்தவற்றில் அப்படி எழுந்து போனால், அவள் மனம் மாறிய இடமே கையைவிட்டுப் போய்விடும். திரும்பி வந்து உட்காரும்போது சண்டைக்காரி சிரித்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று பக்கத்து சீட்டில் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு மழை

‘டாப் ஹேட்’, ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ இரண்டிலும் மழைப் பாட்டு உண்டு. அவற்றை அடுத்தடுத்துப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

‘டாப் ஹேட்’ கதை இது. ஜெர்ரி என்ற அமெரிக்க நடனக்காரன் மேடை நிகழ்ச்சிக்காக லண்டன் வந்திருக்கிறான். ஓட்டல் அறையில் இராத்திரி நேரத்தில் உற்சாகம் தாங்காமல், காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் டேப் நடனம் ஆடுகிறான். கீழ் அறையில் படுத்திருக்கும் டேல் தூக்கம் கெட்டு, கோபமாக மேலே வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். அவள் போனதும் அவன் செய்வதுதான் அழகு. சிகரெட் அணைக்க வைத்திருக்கும் தொட்டியிலிருந்து மணலை அள்ளித் தரையில் தூவி, அதன் மேல் காலை மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து ஆடுகிறான். தடதடவென்று கேட்ட சத்தம் இப்போது சரசரப்பாகிவிடுகிறது. கீழே அவள் ஒரு புன்னகையோடு தலையணையில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். மேலே அறையில் இருக்கும் நண்பன் ஹோரஸும் தூங்கிவிடுகிறான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அவள் எதிரில் இல்லாமலே, காலால் தாலாட்டு பாடிவிட்டான்.

அடுத்த நாள் மழை பிடித்துக்கொள்கிறது. பூங்காவில் பேண்டு வாசிப்பவர்களுக்காகக் கட்டிய மண்டபத்தில் இருவரும் ஒதுங்குகிறார்கள். அவள் குதிரையேற்ற உடையில் இருக்கிறாள். அவன் மேல் இன்னும் எரிச்சல் தீரவில்லை. இடி இடிக்கிறது. மழையில் மாட்டிக்கொள்ள இன்று எவ்வளவு நல்ல நாள் என்று அவன் பாடுகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாடி முடித்தவன் விசிலடித்தபடி அலட்சியமாக நடக்கத் தொடங்குகிறான். அவள் எழுந்து, அவனைப் போலவே கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பின்னாலேயே அதே நடையில் நடக்கிறாள். அவன் ஒரு அடி போட்டுப் பார்க்கிறான். அதையே அவளும் போடுகிறாள். அவன் கொஞ்சம் கஷ்டமான அடி போடுகிறான். அதுவும் வருகிறது அவளுக்கு. பெரும்பகுதி தொட்டுக்கொள்ளாமலேதான் ஆடுகிறார்கள். மழை வலுக்க வலுக்கத் தாளமும் வேகமெடுக்கிறது. கடைசியில் மண்டபத்தின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு விளையாட்டுக்காரர்களைப் போலக் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

இந்தச் சில நிமிடங்களில் எரிச்சல் குறும்பாகி, குறும்பு போட்டியாகி, போட்டி மரியாதையாகி, அப்புறம்தான் காதலாகிறது. வசனத்தில் எழுதியிருந்தால் நான்கு காட்சிகள் தேவைப்பட்டிருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அவன் அவளை ஆட அழைப்பதே இல்லை என்பதுதான். சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பவள் அவள். ஜிஞ்சர் ராஜர்ஸின் முகத்தில் அந்த முடிவு எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்று பார்க்கவே இந்தக் காட்சியைத் திரும்பப் போடலாம்.

சரி, மற்ற மழைக்கு வருவோம். ஜீன் கெல்லி குடையை மடக்கிவிட்டு, விளக்குக் கம்பத்தில் தொற்றிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் குழந்தை மாதிரிக் குதித்து ஆடுகிறாரே, அது உலகப் புகழ் பெற்ற காட்சி. அதை எடுத்தபோது அவருக்குக் கடும் காய்ச்சல் என்பதும் பலருக்குத் தெரிந்த கதை. கொஞ்சமும் அலுக்காத ஆட்டம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பாட்டில் கதாநாயகி இல்லை. வாசலில் அவளுக்கு முத்தம் கொடுத்து விடைபெற்ற பிறகுதான் அவன் தெருவில் இறங்கி ஆடத் தொடங்குகிறான். காதல் கைகூடிவிட்டது; இது கைகூடியதன் கொண்டாட்டம். பாட்டு தொடங்கும்போது எவ்வளவு சந்தோஷமோ முடியும்போதும் அவ்வளவு சந்தோஷம். நடுவில் மாறுவது, நனையாத கோட்டு நனைந்த கோட்டு ஆவது மட்டும்.

அதனால் காட்சியின் மதிப்பு குறைந்துவிடாது. தனி மனிதனின் மகிழ்ச்சியை இதைவிட நன்றாகச் சினிமாவில் காட்டியவர்கள் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் காதல் உருவாவதைப் பார்க்க வந்தவருக்கு முதல் மழைதான்.

சினிமாவைக் காதலிக்கும் படம்

‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ உண்மையில் எதைக் காதலிக்கிறது என்றால், சினிமாவை. 1927ல் பேசும் படம் வந்து இறங்கியபோது ஊமைப்பட நட்சத்திரங்கள் தடுமாறியதுதான் அதன் கதை. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இருவரும் எழுதிய திரைக்கதை அது. தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் முன்பு பாடலாசிரியராக இருந்த காலத்தில் நேசியோ ஹெர்ப் பிரவுனோடு சேர்ந்து உருவாக்கிய பழைய பாட்டுகளைக் கோத்துக் கட்டியது. செடிக்குள் மைக்கை ஒளித்துவைப்பது, நாயகி தலையைத் திருப்பினால் குரல் மறைந்துபோவது, முத்துமாலையைத் தொட்டால் இடி மாதிரிச் சத்தம் கேட்பது என்று சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. நான்கு படங்களில் அதிகம் சிரிக்கவைப்பது எது என்று கேட்டால் இதுதான். டொனால்ட் ஓ’கானர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் போடும் பாட்டு ஒன்றே போதும்.

காதலுக்கும் ஒரு நல்ல இடம் இருக்கிறது. நாயகன் டான், கேத்தியை ஆளில்லாத படப்பிடிப்பு அரங்குக்குக் கூட்டிப்போகிறான். சரியான சூழல் இல்லாமல் மனதில் இருப்பதைச் சொல்ல வராது என்கிறான். விளக்கைப் போட்டு மாலை வெயில், இயந்திரத்தை இயக்கிப் பனிமூட்டம், பெரிய மின்விசிறியைத் திருப்பி மெல்லிய காற்று. அவளை ஒரு ஏணியில் ஏற்றிவிட்டால் பால்கனியும் தயார். எல்லாம் பொய் என்பது இருவருக்கும் தெரியும். அதன் நடுவில் அவன் பாடுவது மட்டும் நிஜம். படத்தின் மிகச் சிறந்த காதல் காட்சி இதுதான். என் அளவுகோலிலும் முழு மதிப்பெண் வாங்குகிறது. ஆனால் இதற்குப் பிறகு அவர்கள் சேர்வார்களா என்ற கேள்வியே படத்தில் இல்லை. மீதிக் கதை முழுக்கக் குரல் பற்றியது.

அந்தக் குரல் விஷயம் நமக்குத் தனி ருசி. கீச்சுக் குரல் கொண்ட நட்சத்திரம் லினாவுக்காகக் கேத்தி திரைக்குப் பின்னால் பாடுகிறாள். அந்த ரகசியம் அரங்கத்தின் முன்னால் வெளிப்படுவதுதான் உச்சக்கட்டம். பின்னணி பாடியவர் பெயரைப் போஸ்டரிலேயே போட்டுக் கொண்டாடும் ஊரிலிருந்து பார்க்கும்போது, அங்கே அது அவமானமாகக் கருதப்பட்டதே வியப்பாக இருக்கும். இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு, அவர் லினாவுக்காகப் பாடுவதாக வரும் பாட்டிலேயே பெட்டி நாய்ஸ் என்ற பாடகி குரல் கொடுத்தார். கேத்தி லினாவுக்காக வசனம் பேசுவதாகக் காட்டும் இடத்தில் ஒலிப்பது, லினாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். படத்தைப் பார்த்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் இன்னும் சுவை.

டெபிக்கு அப்போது 19 வயது. தேர்ந்த நடனக்காரி அல்ல. கெல்லிக்கும் ஓ’கானருக்கும் நடுவில் நின்று சோபாவைக் கவிழ்த்து ஆடும் அந்தக் காலை வணக்கப் பாட்டை எடுத்து முடித்தபோது அவர் பாதத்திலிருந்து இரத்தம் வந்ததாகச் சொல்வார்கள். திரையில் அதன் சுவடே தெரியாது.

‘டாப் ஹேட்’டின் பலவீனம், அப்புறம் அதன் இறகுகள்

என் தேர்வின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ‘டாப் ஹேட்’ கதை ஒரே ஒரு ஆள்மாறாட்டத்தில் தொங்குகிறது. ஜெர்ரியை, தன் தோழி மேட்ஜின் கணவன் ஹோரஸ் என்று டேல் நினைத்துக்கொள்கிறாள். யாராவது ஒருவர் ஒரு தடவை முழுப்பெயரைச் சொன்னால் கதை முடிந்துவிடும். பாட்டில்லாத இடங்களில் பொறுமை கொஞ்சம் தேவை. ஹோரஸாக வரும் எட்வர்ட் எவரெட் ஹார்ட்டனும் வேலைக்காரராக வரும் எரிக் புளோரும் தங்கள் முகபாவங்களால் அந்த இடங்களைக் காப்பாற்றுகிறார்கள். ஹெலன் பிராடரிக் மேட்ஜாக வந்து பேசும் ஒவ்வொரு வரியும் கச்சிதம்.

ஆனால் அந்த ஆள்மாறாட்டம்தான் படத்தின் பெரிய பாட்டுக்கு உயிர் கொடுக்கிறது. கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடும் அந்த நடனத்தில், தன் தோழியின் கணவனோடு ஆடுகிறோம் என்றே டேல் நம்புகிறாள். அந்தத் தோழியோ பக்கத்திலிருந்து இன்னும் நெருங்கி ஆடுங்கள் என்று கைகாட்டுகிறாள்! இவளே கவலைப்படவில்லையென்றால் நமக்கென்ன என்று டேல் ஆடுகிறாள். ஆட ஆட அவள் முகம் வேறு மாதிரி ஆகிறது; மயக்கமும் குற்றவுணர்ச்சியும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. இர்விங் பெர்லின் மெட்டு ஏற ஏற, மனசாட்சி தோற்றுக்கொண்டே வருவதைப் பார்க்கலாம்.

ஜிஞ்சர் அதில் அணிந்தது நெருப்புக்கோழி இறகு வைத்துத் தைத்த நீல உடை. ஆடும்போது இறகுகள் உதிர்ந்து பறந்து அஸ்டேரைப் படாத பாடு படுத்தின. அவர் எரிச்சலடைந்தும் ஜிஞ்சர் உடையை மாற்றச் சம்மதிக்கவில்லை. கவனித்துப் பார்த்தால் சில இறகுகள் உதிர்வது திரையிலேயே தெரியும். திரையில் பார்த்தால் ஜிஞ்சர் பிடித்த பிடிவாதம் நியாயம்தான். அவர் சுழன்று நின்ற பிறகும் உடை அடங்க ஒரு நொடி பிடிக்கிறது.

இந்தப் படத்தில் காதல் முழுவதும் நடனத்தில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்துவிட்டன. நெருக்கத்தை நேரடியாகக் காட்ட முடியாத நிலையில் நடனம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இந்த ஜோடி மொத்தம் 10 படங்களில் சேர்ந்து நடித்தது. திரையில் ஒளிவுமறைவில்லாத முத்தம் என்று வந்தது 1938ன் ‘கேர்ஃப்ரீ’யில்தான். அதுவரை அந்தக் குறையை யாரும் உணரவில்லை என்பதே நடனத்தின் வெற்றி. கூடவே, தலை முதல் பாதம் வரை முழு உருவமும் ஃப்ரேமுக்குள் தெரிய வேண்டும், நடனத்தை வெட்டி ஒட்டுவது குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தார். அதனால் நாம் பார்ப்பது இரண்டு முழு மனிதர்கள், முழு நேரமும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு ஆடுவதை.

மற்ற இரண்டு

நடனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘ஸ்விங் டைம்’ ‘டாப் ஹேட்’டையும் தாண்டிவிடும். நாயகன் லக்கி 25,000 டாலர் சம்பாதித்துக் காட்டினால் ஊரில் நிச்சயித்த பெண்ணோடு கல்யாணம். நியூயார்க் வந்தவன் நடனப் பள்ளி ஆசிரியை பென்னியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அப்புறம் அந்தத் தொகையைச் சம்பாதித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவன் பாடாகிவிடுகிறது. ஆடவே தெரியாதவன்போல நடித்துப் பென்னியிடம் பாடம் கேட்க, அவளுக்கு வேலையே போகிறது. அவள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தாள் என்று முதலாளிக்கு நிரூபிக்கவே எழுந்து ஆடுகிறான். கடைசியில் வரும் பிரிவு நடனம், படிக்கட்டுகளில் ஏறி முடிவது, இந்த வகைப் படங்களிலேயே ஆகச் சோகமானது. 40 தடவைக்கு மேல் எடுத்தார்கள் என்பார்கள். ஜெரோம் கெர்ன், டோரதி ஃபீல்ட்ஸ் தந்த பாட்டு ஒன்று ஆஸ்கர் வாங்கியது. அது ஒலிக்கும்போது நாயகி தலை நிறைய ஷாம்பூ நுரையோடு வந்து நிற்கிறாள்.

இருந்தும் முதல் படமாக இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பில் ராபின்சன் என்ற கறுப்பின நடன மேதைக்கு மரியாதை செய்வதாக எண்ணி, அஸ்டேர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு ஆடும் ஒரு பாட்டு இதில் உண்டு. அந்த வழக்கம் அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கேலி செய்து வளர்ந்தது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் இன்று பார்க்கும்போது உறுத்தும். விவரம் தெரிந்து, இரண்டாவது படமாகப் பாருங்கள். குழந்தைகளோடு பார்ப்பதானால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

‘ஃபன்னி ஃபேஸ்’ கண்ணுக்கு விருந்து. பேஷன் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் காட்சி ஆலோசகராக இருந்த படம். பாரிஸில் ஆட்ரி அணிபவை பேஷன் வடிவமைப்பாளர் ஜிவான்ஷியின் உடைகள். லூவர் அருங்காட்சியகத்தில் இறகு விரித்த சிலைக்கு முன்னால் சிவப்பு உடையில் ஆட்ரி படியிறங்கி வரும் ஒரு ஃப்ரேமுக்காகவே படத்தைப் பார்க்கலாம். புகைப்படம் கழுவும் இருட்டறையில் வரும் பாட்டும் அருமை: சிவப்பு விளக்கு, தாளில் மெல்லத் தெளியும் அவள் முகம், தான் அழகில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருப்பது. ஆட்ரி சொந்தக் குரலிலேயே பாடுகிறார். ஏழு வருடம் கழித்து வந்த ‘மை ஃபேர் லேடி’யில் பெரும்பாலும் பாடகி மார்னி நிக்சனின் குரலைப் போட்டுவிட்டார்களே என்று இதைக் கேட்கும்போது வருத்தம் வரும்.

என்னைத் தடுப்பவை இரண்டு. அஸ்டேருக்கும் ஆட்ரிக்கும் 30 வயது வித்தியாசம். படம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அடுத்தது, ஆட்ரி நடிக்கும், தத்துவம் படிக்கும் பெண்ணின் அறிவைப் படம் ஒரு வேடிக்கையாகவே நடத்துகிறது. அவளுக்குக் கிடைப்பது நல்ல உடைகள். அவள் விட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிது. மழை மண்டபத்தில் சமமாக ஆடிய டேலைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

யார் பார்க்கப்போகிறீர்கள்?

தனியாகவோ, உங்களுக்குப் பிடித்த ஒருவரோடோ உட்கார்ந்து பார்ப்பதானால் ‘டாப் ஹேட்’. கொஞ்சம் குறைய ஒன்றே முக்கால் மணி நேரம்தான். வீட்டில் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதானால், அல்லது கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போகிறவர்கள் இருந்தால், ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’. இங்கே பத்தில் எட்டுப் பேரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். உடை, புகைப்படம், வண்ணம் இவற்றில் ஈடுபாடு உள்ளவருக்கு ‘ஃபன்னி ஃபேஸ்’ நேராக மனதில் இறங்கும். மேலே சொன்ன குறைகள் அவருக்குப் பின்னால்தான் தோன்றும்.

யூடியூபில் பாட்டுகளை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டுப் படத்துக்கு வராதீர்கள். மழை மண்டப நடனம் தனியாகப் பார்த்தாலும் அழகுதான். ஆனால் முந்தின இரவின் மணல் தெரியாமல் பார்த்தால் அவள் எழுந்து நடப்பதன் அர்த்தம் பாதிதான் கிடைக்கும். ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளில்தான் நகைச்சுவை ஒளிந்திருக்கிறது. இன்னொன்று முக்கியம்: 1930களின் படங்கள் ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுத்தவை. டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். திரையை நிரப்புகிறோம் என்று ஜூம் பொத்தானை அழுத்தினால் முதலில் வெட்டுப்படுவது அஸ்டேரின் பாதம்.

‘டாப் ஹேட்’ பிடித்துவிட்டால் மறுநாள் ‘ஸ்விங் டைம்’, அதன் பிறகு ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’. அதோடு நிறுத்த மனமில்லாதவர்கள் வின்சென்ட் மின்னெல்லியின் ‘தி பேண்ட் வேகன்’ (1953) பக்கம் போகலாம். அஸ்டேரும் சிட் சரிஸும் சேர்ந்து ஆட வருமா வராதா என்று தெரியாமல் சென்ட்ரல் பூங்காவுக்குள் பேசாமல் நடந்து போவார்கள். நடையே எந்த இடத்தில் நடனமாக மாறியது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.